இண்டைக்கு எத்தினை?

முதல் நாள் என் மகள் 17 தடவை விழுந்தாள். எண்ணியது நான்தான். ஐஸ் ரிங்கைச் சுற்றி அடைத்திருந்த கண்ணாடிக்கு வெளியே, ஆறிப்போன கோப்பியோடு நின்று, அவள் விழ விழக் காகிதக் கோப்பையின் விளிம்பில் நகத்தால் ஒவ்வொரு கீறலாகப் போட்டுக்கொண்டு வந்தேன். வகுப்பு முடிந்து கூட்டிப் பார்த்தால் 17.

மனைவிக்குச் சனிக்கிழமைகளில் வேலை. இடைவேளையில் தொலைபேசி எடுத்தாள்.

"இஞ்சருங்கோ, பிள்ளை என்ன மாதிரி? விழுந்தவளோ?"

எண்ணிக்கையைச் சொன்னேன். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"அடுத்த கிழமையும் கூட்டிக்கொண்டு போகப்போறியளோ?"

அது 2010 ஜனவரி. ஸ்காபரோவில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் இருந்தோம். மகளுக்கு ஆறு வயது. அதற்கு முந்தைய வசந்தத்தில் அவள் கண்ட வெளியுலகம் பெரும்பாலும் ரொறன்ரோ நகர மையத்து யூனிவர்சிற்றி அவெனியூதான். ஊரில் யுத்தம் கடைசிக் கட்டத்தில் இருந்தது. அதை நிறுத்தச் சொல்லி அமெரிக்கத் துணைத்தூதரகத்தின் முன்னால் ஆயிரக்கணக்கில் எங்கள் சனம் நின்றது. நானும் அவளைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றேன். மே மாதத்தோடு எல்லாம் முடிந்தது. பிறகு எங்கள் வீட்டில் சனி ஞாயிறு என்றால் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டுச் சுவரைப் பார்த்திருக்கும் நாட்கள் என்றாகிவிட்டது.

டிசம்பரில் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. முதலாம் வகுப்புப் பிள்ளைகளை ஸ்கேட்டிங் கூட்டிப் போகிறார்கள், ஸ்கேட்டும் ஹெல்மெற்றும் கொண்டுவர வேண்டும், லேஸ் கட்டிவிடப் பெற்றோர் யாராவது வந்தால் நல்லது. எங்களிடம் ஸ்கேட் இல்லை. அது வெள்ளைக்காரப் பிள்ளைகளின் சங்கதி என்று நினைத்துக் கடிதத்தைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவிட்டு மறந்துபோனேன்.

ஸ்கேட்டிங் போன அன்று பின்னேரம் மகள் சந்தோசமாகத்தான் வந்தாள்.

"அப்பா, நான் வாங்கிலை இருந்தனான். எல்லாற்றை கிளவுஸையும் நான்தான் வைச்சிருந்தனான். ஒண்டும் துலையேல்லை."

அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த பெருமையை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அன்றிரவே குளிர்கால வகுப்புகள் எப்போது என்று தேடினேன். பதிவு காலை 7 மணிக்குத் தொடங்கும், சில நிமிடங்களிலேயே இடம் முடிந்துவிடும் என்று பக்கத்து வீட்டுக்காரர் எச்சரித்திருந்தார். அலாரம் வைத்து எழும்பி, கடைசிக்கு முந்தைய இடத்தைப் பிடித்தேன். பத்துச் சனிக்கிழமைகள்.

ஸ்கேட் வாங்கப் போனபோது நான் செய்தது சுத்தமான யாழ்ப்பாணத்துத் தகப்பன் வேலை. பழைய சாமான் கடையில் வெள்ளை நிறத்தில் ஒரு சோடி கிடைத்தது. வளர்கிற பிள்ளை, அடுத்த வருசமும் போடட்டும் என்று இரண்டு அளவு பெரிதாக எடுத்தேன். இடைவெளி தெரியாமலிருக்க உள்ளே இரண்டு சோடி கம்பளிக் காலுறை. பள்ளிக்கூடச் சப்பாத்தை ஐயா எனக்கு அப்படித்தான் வாங்கித் தந்தார், முன்னுக்குப் பஞ்சு அடைத்து.

மகள் ஐஸில் கால் வைத்ததும் இரண்டு கணுக்காலும் உள்நோக்கி மடிந்தன. பிறந்த கன்றுக்குட்டிகூட அவளைவிட நேராக நின்றிருக்கும். பாடம் சொல்லித்தரும் பெண்ணுக்குப் பதினெட்டு வயது இருந்தால் அதிகம். வகுப்பு முடிந்ததும் என்னிடம் வந்து, ஸ்கேட் காலை இறுக்கிப் பிடிக்க வேண்டும், உள்ளே ஒரேயொரு மெல்லிய காலுறை போதும் என்று பக்குவமாகச் சொன்னாள். பிறகு பிளேட்டின் ஓரத்தில் விரல் நகத்தை வைத்து இழுத்துக் காட்டினாள். கூராக இருந்தால் நகம் சீவுப்பட்டு வெள்ளைத் தூள் உதிரும். ஒன்றும் உதிரவில்லை. மொட்டைக் கத்தியைக் கட்டிவிட்டுப் பிள்ளையை அனுப்பியிருக்கிறேன். 17இல் பாதிக்காவது நான்தான் பொறுப்பு.

சாணை பிடிக்கும் கடையில்தான் விசயம் விளங்கியது. ஏறத்தாழ மூன்று, நான்கு மில்லிமீற்றர் அகலமுள்ள அந்தப் பிளேட்டின் அடி தட்டையானது அல்ல. நடுவே நீளத்துக்கு ஒரு வாய்க்கால் போலக் குழித்து விடுகிறார்கள். அதனால் ஒரு பிளேட்டுக்கு இரண்டு விளிம்பு, உள்விளிம்பு ஒன்று, வெளிவிளிம்பு ஒன்று. ஸ்கேட்டிங் முழுவதும் இந்த நாலு விளிம்பில் எதன் மேல் சாய்கிறோம் என்பதில்தான் இருக்கிறது. முன்முனையில் அரிவாள் பல் மாதிரிச் சில பற்கள் வேறு. தரையில் நடப்பதுபோல் குதியைத் தூக்கினால் அந்தப் பற்கள் ஐஸைக் கொத்தி ஆளை முகங்குப்புறத் தள்ளும்.

எனக்கென்று அங்கே கிடைத்த ஒரே வேலை லேஸ் கட்டுவது. விரல் பக்கம் தளர்வாக, பாதம் வளையும் இடத்தில் இறுக்கமாக, மேலே கணுக்காலில் ஒரு விரல் நுழையும் அளவுக்கு. இழுத்து இழுத்து ஆள்காட்டி விரலில் தோல் உரிந்தது. உடை மாற்றும் அறையின் ரப்பர் தரையில் சீனத் தகப்பன்மார், பஞ்சாபித் தாத்தாமார், ஒரு சோமாலித் தாய், நான் என்று எல்லோரும் முழந்தாளில் நின்று பிள்ளைகளின் காலைப் பிடித்துக்கொண்டிருப்போம். பார்த்தால் பாத பூசை மாதிரி இருக்கும். எங்களில் ஒருவருக்கும் ஸ்கேட்டிங் தெரியாது.

முதல் பாடமே விழுவதுதான். அது எனக்குப் புதினமாக இருந்தது. பின்பக்கம் விழாதே, பக்கவாட்டில் சாய்ந்து விழு. விழுந்தவுடன் விரல்களை மடித்துக்கொள், மற்றவர்களின் பிளேட் போகும் இடம் அது. பிறகு முழங்காலில் நில், ஒரு காலை முன்னே வை, இரண்டு கையையும் அந்த முழங்காலில் ஊன்றி எழும்பு. பிள்ளைகளை ஐஸில் வரிசையாக உட்கார வைத்து இதையே திரும்பத் திரும்பச் செய்வித்தாள் அந்தப் பெண். அதன் பிறகுதான் பெங்குவின் மாதிரி அசைந்து நடப்பது, கால்களை அகற்றிப் பிறகு சேர்த்து எலுமிச்சம்பழ வடிவில் தடம் போடுவது, பிளேட்டைச் சாய்த்து ஐஸைச் சுரண்டி நிற்பது எல்லாம். நாங்கள் வளர்ந்த இடத்தில் விழுவதை யாரும் பாடமாக வைக்கவில்லை. விழுந்தால் முதலில் ஏச்சு, பிறகுதான் மருந்து.

நான் சைக்கிள் பழகியது ஐயாவின் ராலியில். சீற்றுக்குக் கால் எட்டாத வயது. பாருக்குக் கீழால் ஒரு காலை விட்டு மிதித்தேன். ஐயா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கரியரைப் பிடித்தபடி பின்னால் ஓடி வந்தார். ஒழுங்கையில் பாதித் தூரம் போனபோது அவர் மூச்சு வாங்கும் சத்தம் கேட்கவில்லை. இருக்கிறாரா என்று திரும்பிப் பார்த்தேன். அவ்வளவுதான், சைக்கிளும் நானும் கிளுவை வேலிக்குள். ஐயா ஓடிவந்து தூக்கினார். முழங்காலில் இரத்தம். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"ஏன்ரா திரும்பிப் பாத்தனி?"

ஐயாவுக்குப் பின்னால் ஓட ஒழுங்கை இருந்தது. எனக்குக் கண்ணாடிதான் இருந்தது. மகள் ஒவ்வொரு முறை விழுந்ததும் எழும்புவதற்கு முன் முதலில் என் பக்கம் பார்ப்பாள். நான் பெருவிரலைத் தூக்கிக் காட்டுவேன். பிறகுதான் எழும்புவாள். விழுதல், பார்த்தல், பெருவிரல், எழும்புதல். என் பெருவிரல்தான் அவளைத் தூக்கி நிறுத்துகிறது என்றே நான் நம்பத் தொடங்கியிருந்தேன். அந்த நினைப்பு எனக்கு இனிப்பாகவும் இருந்தது.

ஊரில் இருந்து அம்மா தொலைபேசியில் ஏசினார். "தம்பி, உனக்கென்ன விசரே? பொம்பிளைப் பிள்ளையை ஐஸுக்கு மேலை விட்டிருக்கிறாய். காலைக் கையை முறிச்சால்? அதுக்குக் கீழை குளமோ?" குளம் இல்லை, சீமெந்துத் தரை, அதற்குள் குழாய்களில் குளிர்ந்த உப்புநீர் ஓடுகிறது, அதற்கு மேலே ஓர் அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடத்தான் ஐஸ் என்று விளக்கினேன். "அப்ப சளி பிடிக்கும்" என்று வைத்துவிட்டார்.

அம்மாவைக் குறைசொல்ல முடியாது. எங்களுக்கு ஐஸ் என்றால் சைக்கிள் பெட்டியில் வரும் ஐஸ்பழம், மீன் பெட்டிக்குள் மரத்தூள் ஒட்டிக் கிடக்கும் கட்டி. 1990இல் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றதோடு அதுவும் போனது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட காலம் அது. அந்தக் காலத்தில்தான் எங்கள் பௌதிக மாஸ்ரர் கரும்பலகையில் ஓர் ஐஸ்கட்டியை வரைந்தார். அதன் மேலே ஒரு கம்பி, கம்பியின் இரு முனையிலும் பாரம். அழுத்தத்தால் ஐஸ் உருகிக் கம்பி உள்ளே இறங்கும், கம்பிக்கு மேலே தண்ணீர் மறுபடி உறையும், கம்பி முழுவதும் வெட்டிக்கொண்டு வெளியே வந்தாலும் கட்டி ஒரே கட்டியாகவே இருக்கும் என்றார். ஸ்கேட் வழுக்குவதும் இதனால்தான் என்றார். வகுப்பில் ஒருவரும் ஸ்கேட்டைக் கண்டதில்லை. மாஸ்ரரும் கண்டிருக்க மாட்டார். அன்றைக்குக் கிராமத்தில் ஐஸ்கட்டியே இல்லை.

கண்ணாடிக்கு வெளியே நின்ற நாட்களில் அதைத் தேடி வாசித்தேன். மாஸ்ரர் சொன்னது பாதிதான் சரி. ஒரு மனிதரின் பாரம் ஐஸின் உருகுநிலையை மிகக் கொஞ்சமே குறைக்கும். பூச்சியத்துக்குக் கீழே 20 பாகைக் குளிரிலும் பிள்ளைகள் சறுக்குவதற்கு அது கணக்குச் சொல்லாது. ஐஸின் மேற்பரப்பில் இயல்பாகவே தண்ணீரைப் போன்ற மெல்லிய படை ஒன்று இருக்கிறது என்று 1850லேயே மைக்கேல் பரடே சொல்லியிருக்கிறார். உராய்வின் சூடும் அதோடு சேர்கிறது. முழுதும் உறைந்தது என்று நாங்கள் நினைக்கும் ஒன்று, மேலே கொஞ்சம் உறையாமலே இருக்கிறது.

மூன்றாவது கிழமை 9. நாலாவது கிழமை 4. மனைவி தொலைபேசியில் "ஹலோ" சொல்வதை விட்டுவிட்டாள். எடுத்தவுடன் "இண்டைக்கு எத்தினை?" என்பதுதான். நாலு என்றதும் பக்கத்தில் நின்ற வேலைத்தோழிக்கு அவள் ஆங்கிலத்தில் சொல்வது எனக்குக் கேட்டது.

ஐந்தாவது கிழமை 14.

"ஏன் கூடினது? பிள்ளைக்குச் சுகமில்லையோ?" அதே கேள்வியை நான் பாடம் சொல்லும் பெண்ணிடம் கேட்டேன். அவள் சிரித்தாள். அன்று ஒற்றைக் காலில் சறுக்கவும் பின்னோக்கிப் போகவும் தொடங்கியிருக்கிறார்கள். போன கிழமை அவள் விழாததற்குக் காரணம் அவளுக்குத் தெரிந்ததையே செய்துகொண்டிருந்ததுதான் என்றாள். அன்றிலிருந்து என் கோப்பைக் கணக்கை வாசிக்கும் விதம் மாறியது. எண் ஏறினால் புதிதாக ஒன்று வந்திருக்கிறது, இறங்கினால் அது காலில் பழகிவிட்டது.

பாடம் முடிந்ததும் ஸம்போனி வரும். பெரிய யானைபோல் அசைந்து வரும் அந்த வண்டியைப் பார்க்கப் பிள்ளைகள் எல்லோரும் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நிற்பார்கள். 1949இல் கலிபோர்னியாவில் ஃபிராங்க் ஸம்போனி என்பவர் செய்த இயந்திரம், பெயரும் அவருடையதே. கீறுபட்ட ஐஸைச் சீவி எடுத்துவிட்டுப் பின்னால் சுடுதண்ணீரை மெல்லியதாகப் பூசிக்கொண்டு போகும். சுடுதண்ணீர் பழைய ஐஸைக் கொஞ்சம் உருக்கி அதோடு ஒட்டி உறையும். வண்டி போன தடத்தில் ரிங்க் கண்ணாடி மாதிரி மின்னும். மகள் விழுந்த இடம் ஒன்றும் மிஞ்சாது.

பெப்ரவரியில் ஃபாமிலி டே விடுமுறை. நகரசபைக் கட்டடத்தின் முன்னால், நேதன் பிலிப்ஸ் சதுக்கத்தில் உள்ள ரிங்குக்கு மகள் என்னை இழுத்துக்கொண்டு போனாள். கோடையில் அது தண்ணீர்த் தடாகம். மேலே மூன்று வளைவுகள். சதுக்கம் நகரசபையோடு 1965இல் திறந்தது. நான் வாடகைக்கு ஸ்கேட் எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்த ஐஸ் வேறு. என் 80 கிலோவும் இரண்டு கத்திக்கு மேலே நின்றபோதுதான் ஆறு வயதுப் பிள்ளை இத்தனை நாள் எதன்மேல் நின்றாள் என்று எனக்குத் தெரிந்தது. தலை உயரம் மாறுகிறது. கண் கீழே போகிறது. பயத்தில் முழங்கால் விறைக்கிறது, விறைத்தால் விழுத்தும்.

"முழங்காலை மடியுங்கோ அப்பா. கீழை பாக்காதையுங்கோ. என்னைப் பாருங்கோ."

என்னைப் பார்த்தபடி அவள் பின்னோக்கிப் போனாள், என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு. இடுப்பளவு உயரம். நான் விழுந்தேன். எழும்புவதற்குள் "விரலை மடியுங்கோ!" என்று கத்தினாள். அன்றிரவு தாயிடம் முதலில் சொன்ன செய்தி: "அப்பா நாலு. நான் ஒண்டு. அதுவும் அப்பா இழுத்ததாலை."

அந்தக் கிழமைகளில் வன்கூவரில் குளிர்கால ஒலிம்பிக் நடந்துகொண்டிருந்தது. எங்கள் தொலைக்காட்சி மறுபடி வேலை செய்யத் தொடங்கியது. கியூபெக்கைச் சேர்ந்த ஜோனி றொஷெற் ஸ்கேட்டிங்கில் கனடாவுக்காக ஆட இருந்தார். அவருடைய ஆட்டத்தைப் பார்க்க வன்கூவருக்கு வந்த தாய், பெப்ரவரி 21ஆம் திகதி மாரடைப்பில் இறந்துபோனார். இரண்டு நாள் கழித்து, 23ஆம் திகதி இரவு, றொஷெற் ஐஸில் இறங்கினார். தகப்பன் பார்வையாளர் இடத்தில் இருந்தார். ஆடும்போது ஒன்றும் பிசகவில்லை. முடித்து நின்ற பிறகுதான் அழுதார். 25ஆம் திகதி தென்கொரியாவின் கிம் யூனா தங்கம் வென்றார், றொஷெற்றுக்கு வெண்கலம்.

மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அன்றைக்கு அவள் யாருக்காக அழுதாள் என்று நான் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் அந்த ஆண்டு அழுவதற்கு வேறு பெயர்களும் இருந்தன. மகள் தொலைக்காட்சிக்கு மிகக் கிட்டவாக உட்கார்ந்திருந்தாள்.

"அவ இனி விழுந்தால் ஆரைப் பாப்பா?"

"அவவின்ரை அப்பா இருக்கிறார்தானே."

"அப்பாவும் வராட்டி?"

நேரமாச்சு, போய்ப் படு என்றேன். அடுத்த சனிக்கிழமை அவள் விழாத நேரத்திலும் கண்ணாடிப் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். நான் கோப்பி வாங்கவும் போகாமல் ஒரே இடத்தில் நின்றேன்.

பத்தாவது சனிக்கிழமை மார்ச் நடுப்பகுதி. வெளியே ஸ்னோ உருகி வாகனத் தரிப்பிடம் முழுவதும் சேறு. உடை மாற்றும் அறையில் நான் வழமைபோல் முழந்தாளிட, மகள் காலை இழுத்துக்கொண்டாள்.

"விடுங்கோ அப்பா, நான் கட்டுறன்."

கட்டினாள். எனக்கு அது கொஞ்சம் தளர்வாகத்தான் பட்டது. ஒரு விரல் விட்டுப் பார்க்கக் கை போனது. அவள் முகத்தைப் பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டேன்.

அன்று கடைசி நாள் என்பதால் பிள்ளைகள் ஒவ்வொருவராக ரிங்கின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் போக வேண்டும். பாதித் தூரம் முன்னோக்கி, நடுவில் திரும்பி, மிகுதித் தூரம் பின்னோக்கி. மகளின் முறை வந்தது. ஊதா ஹெல்மெற், முழங்கால் மடித்து, கை இரண்டும் மேசை விளிம்பைப் பிடிப்பதுபோல் முன்னால். நடுக்கோட்டுக்கு வந்து திரும்பினாள். திரும்பியது சரி. பின்னோக்கி இரண்டு எலுமிச்சம்பழம் போட்டாள். மூன்றாவதில் குதி ஐஸில் சிக்கி, பக்கவாட்டில் விழுந்தாள்.

என் கை தானாகப் பாக்கெற்றிலிருந்து வெளியே வந்தது. பெருவிரல் எழும்பிவிட்டது.

அவள் விரல்களை மடித்தாள். முழங்காலில் நின்றாள். ஒரு காலை முன்னே வைத்து, இரண்டு கையையும் ஊன்றி எழும்பினாள். எந்தப் பக்கமும் பார்க்கவில்லை. தான் போக வேண்டிய கரைக்கு முதுகைக் காட்டி நின்று, முழங்காலை மடித்து, மறுபடி பின்னோக்கித் தள்ளினாள். பிளேட் ஐஸைச் சுரண்டும் அந்தச் 'சர்' என்ற சத்தம் கண்ணாடிக்கு இந்தப் பக்கமும் கேட்டது.

தூக்கிய பெருவிரலை என்ன செய்வது என்று தெரியவில்லை. பக்கத்தில் நின்ற சீனத் தகப்பன் அதைக் கண்டுவிட்டுத் தன் பெருவிரலையும் எனக்குக் காட்டினார். சிரித்தபடி இருவரும் கையைப் பாக்கெற்றுக்குள் வைத்துக்கொண்டோம். ஐயா உயிரோடு இருந்திருந்தால் அன்றிரவு அவருக்குத்தான் முதலில் தொலைபேசி எடுத்திருப்பேன். 'ஐயா, உங்கடை பேத்தி திரும்பிப் பாக்கேல்லை' என்று ஒரு வசனம் சொன்னால் போதும், அவருக்கு விளங்கியிருக்கும்.

கடைசிப் பதினைந்து நிமிடமும் பிள்ளைகள் விருப்பப்படி விளையாடினார்கள். யாரோ இழுக்க யாரோ விழ, ஒரே கும்பல். மகள் எங்கே இருக்கிறாள் என்று ஊதா ஹெல்மெற்றைத் தேடித் தேடிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு வண்டிக்கு வழிவிட மணி அடித்தார்கள்.

தொலைபேசி வந்தது.

"இண்டைக்கு எத்தினை?"

கோப்பையைத் திருப்பிப் பார்த்தேன். விளிம்பில் ஒரு கீறலும் இல்லை.

"எண்ணேல்லை."

"ஏன், பாக்கேல்லையோ?"

"பாத்துக்கொண்டுதான் நிண்டனான்."